நல்ல நேரம் பார்த்துத் தீ வைத்தவர்கள்

அப்பட்டமான ஏமாற்று வேலைதான். ஆனால் செய்தவர் பெரிய மனிதர். கோட்லீப் டைம்லர். பிற்காலத்தில் மெர்சிடஸ் என்று உலகம் வாய் பிளந்து பார்க்கப்போகிற கார்களின் மூதாதையை உருவாக்கிய அதே டைம்லர்.

1886-ம் வருடம் ஆகஸ்ட் மாதம். ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டை ஒட்டியிருக்கும் கன்ஸ்டாட் என்கிற ஊரில், நெக்கர் ஆற்றில் ஒரு சின்னப் படகை இறக்கினார் டைம்லர். நாலரை மீட்டர் நீளம். துடுப்பு கிடையாது. பாய் கிடையாது. புகை கக்கும் நீராவிக் கொதிகலனும் கிடையாது. நடுவில் ஒரு பெட்டி, பெட்டிக்குள்ளிருந்து டப் டப் டப் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். படகு மணிக்குப் பதினோரு கிலோ மீட்டர் வேகத்தில் ஓடியது.

கரையில் நின்று பார்த்த ஜனங்களுக்கு அது எதில் ஓடுகிறது என்று தெரிந்தாக வேண்டும். பெட்ரோல் என்று உண்மையைச் சொன்னால் முடிந்தது கதை. அன்றைக்குப் பெட்ரோல் என்பது மருந்துக் கடையில், துணிக் கறை போக்குவதற்காக விற்கப்பட்ட சமாசாரம். நெருப்பைக் கிட்டே கொண்டுபோனால் குப்பென்று பிடித்துக்கொள்ளும் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். அதைப் பெட்டிக்குள் ஊற்றி, வேண்டுமென்றே கொளுத்தி, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு ஆற்றுக்கு நடுவில் போவதா? புத்தி பிசகினவன் கூட ஏறமாட்டான்.

டைம்லர் ஒரு வேலை செய்தாராம். படகின் விளிம்பைச் சுற்றிக் கம்பி இழுத்துக் கட்டினார். தந்திக் கம்பத்தில் வெள்ளை வெளேரென்று பீங்கான் குமிழ்கள் இருக்குமே, அந்த மாதிரி நாலைந்தை நடுநடுவே பொருத்தினார். பார்க்கிறவர்கள், ‘ஓ, மின்சாரமா!’ என்று தலையாட்டிக்கொண்டார்கள். மின்சாரம் அன்றைய அதிசயம். அதன்மேல் மரியாதை உண்டு, இந்த அளவுக்கு பயம் இல்லை. யாராவது நேருக்கு நேர் மடக்கிக் கேட்டால், எண்ணெய்க்கும் எலெக்ட்ரிக்குக்கும் நடுவில் விழுகிற மாதிரி ஊர்ப்பேச்சில் ஒரு வார்த்தையை முணுமுணுத்துவிட்டு நகர்ந்துவிடுவார் என்றும் சொல்வார்கள். கதை கொஞ்சம் ஊதப்பட்டிருக்கலாம். ஆனால், பயந்தவர்களிடம் படகு விற்க இப்படி ஏதோ ஒரு நாடகம் அவருக்குத் தேவைப்பட்டது என்பது நிஜம். நாடகம் பலித்தது. கார் விற்பதற்கு முன்னால் டைம்லருக்குச் சோறு போட்டவை படகு இன்ஜின்கள்தான். ஜெர்மனியின் இரும்பு மனிதர் பிஸ்மார்க்குக்கே ஒரு படகு போய்ச் சேர்ந்தது.

விஷயம் என்னவென்றால், அந்தக் கம்பி கட்டிய படகில் ஒரு பொட்டு மின்சாரம்கூட இல்லை. அப்படியானால் உள்ளே இருந்த பெட்ரோல் எப்படிப் பற்றிக்கொண்டது? சரியான நேரத்தில் எப்படிப் பற்றிக்கொண்டது?

இந்த இரண்டாவது கேள்விதான் இந்த வாரத்துக் கதை.

டைம்லர் அதற்கு முன்னால் டாய்ட்ஸ் என்ற கம்பெனியில் தொழில்நுட்ப இயக்குநராக இருந்தவர். நிக்கோலஸ் ஆட்டோவின் கம்பெனி அது. 1876-ல் நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினை நடைமுறைக்குக் கொண்டுவந்த அதே ஆட்டோ. இரண்டு பேருக்கும் ஒத்துப்போகவில்லை. 1882-ல் டைம்லர் வெளியே வந்தார். கூடவே வில்ஹெல்ம் மேபாக் என்கிற மகா கெட்டிக்காரரையும் அழைத்துக்கொண்டு கன்ஸ்டாட்டுக்கு வந்து, தன் பங்களாத் தோட்டத்துக் கண்ணாடி வீட்டையே பட்டறையாக மாற்றிக்கொண்டார். ராத்திரி பகல் பார்க்காமல் உள்ளே தட்டுகிற சத்தம். தோட்டக்காரருக்குச் சந்தேகம். கள்ள நோட்டு அடிக்கிறார்களோ? போலீஸுக்குச் சொல்லிவிட்டார். போலீஸும் வந்து திறந்து பார்த்தது. ஸ்பேனரும் இரும்புத் துண்டுகளும்தான் கிடந்தன.

ஆட்டோவின் இன்ஜினில் தீ வைக்கிற ஏற்பாடு கொஞ்சம் விநோதமானது. வெளியே ஒரு விளக்குச் சுடர் எரிந்துகொண்டிருக்கும். ஒரு தகடு இப்படியும் அப்படியும் நகர்ந்து, ஒவ்வொரு தடவையும் அந்தச் சுடரிலிருந்து துளி நெருப்பை எடுத்து சிலிண்டருக்குள் கொண்டுபோய்க் காட்டும். நிமிஷத்துக்கு நூற்றைம்பது, நூற்றெண்பது சுற்று ஓடுகிற இன்ஜினுக்கு இது போதும். டைம்லருக்கு அறுநூறு சுற்று வேண்டும். வேகமாகச் சுற்றினால்தான் சின்ன இன்ஜினில் பெரிய சக்தி கிடைக்கும், சின்ன இன்ஜினாக இருந்தால்தான் படகிலோ வண்டியிலோ ஏற்ற முடியும். அந்த வேகத்துக்குத் தகடு நகர்ந்து நெருப்பு சுமக்க முடியாது.

டைம்லரும் மேபாக்கும் கண்ட வழி, ஒரு குழாய். ஒரு பக்கம் மூடிய சின்ன உலோகக் குழாய். திறந்த முனை சிலிண்டருக்குள். மூடிய முனை வெளியே, அதன் கீழே ஒரு பர்னர். குழாய் எப்போதும் பழுக்கச் சிவந்தே இருக்கும். பிஸ்டன் மேலே வந்து பெட்ரோல் புகையையும் காற்றையும் அழுத்தும்போது, அந்தக் கலவை குழாய்க்குள் நெருக்கிக்கொண்டு ஏறும். சிவந்த இடத்தைத் தொட்டதும் பற்றிக்கொள்ளும். 1883 டிசம்பரில் இதற்குக் காப்புரிமை.

அழகான யோசனை. ஆனால், எப்போது பற்றிக்கொள்ளும்? அதைக் குழாயின் நீளமும் சூடும்தான் முடிவு செய்யும். ஓடிக்கொண்டிருக்கும்போது ‘கொஞ்சம் முன்னாடி பற்று, கொஞ்சம் தாமதமாகப் பற்று’ என்று சொல்ல வழியே கிடையாது. ஆற்றில் காற்று பலமாக அடித்தால் பர்னர் அணைந்துவிடும் என்பது உபரித் தொல்லை. போதாக்குறைக்கு, பெட்ரோல் டாங்க்கும் எரிகிற விளக்கும் ஒரே படகில். கரையில் நின்றவர்கள் பயந்ததில் தப்பே இல்லை.

சரி, முன்னாடி பற்றினால் என்ன, பின்னாடி பற்றினால் என்ன? இங்கேதான் எல்லோரும் சறுக்குவார்கள்.

ஊஞ்சலில் குழந்தை ஆடுகிறது. அது உங்களை நோக்கி வந்து, உச்சியைத் தொட்டு, திரும்பக் கிளம்புகிற கணத்தில் தள்ளினால் ஜோராகப் போகும். வந்துகொண்டிருக்கும்போதே தள்ளினால் ஊஞ்சலும் நிற்கும், உங்கள் மணிக்கட்டும் வலிக்கும். ரொம்பக் கழித்துத் தள்ளினால் காற்றைத்தான் தள்ளுவீர்கள். பிஸ்டனும் அப்படித்தான். மேலே வந்து, உச்சியைத் தாண்டி, பத்துப் பதினைந்து டிகிரி இறங்கும்போது உச்சபட்ச அழுத்தம் அதன் தலையில் விழ வேண்டும்.

ஆனால், பெட்ரோல் பொறி பட்ட அதே நொடியில் முழுசாக எரிந்துவிடாது. ஒரு மூலையில் பற்றி அடுத்த மூலைக்குப் பரவ, ஆயிரத்தில் சில பங்கு நொடி பிடிக்கும். அதாவது ஊஞ்சலை நீங்களே தள்ளவில்லை. தள்ளுவதற்கு ஓர் ஆளை அனுப்புகிறீர்கள், அவர் நடந்து வந்து சேர நேரமாகும். அப்படியென்றால் என்ன செய்ய வேண்டும்? ஊஞ்சல் இன்னும் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே ஆளை அனுப்பிவிட வேண்டும். பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு முன்பே பொறி விழுந்துவிட வேண்டும்.

எவ்வளவு முன்பு? ஒரு சின்னக் கணக்கு. நிமிஷத்துக்கு 600 சுற்று ஓடும் இன்ஜினில் ஆயிரத்தில் ஒரு நொடிக்குள் கிராங்க் திரும்புவது 3.6 டிகிரி. 3,000 சுற்றில் அதே நேரத்துக்கு 18 டிகிரி. 5,000 சுற்றில் 30 டிகிரி. நடந்து வருகிற ஆளின் வேகம் அந்த அளவுக்குக் கூடுவதில்லை, ஊஞ்சலின் வேகம்தான் கூடுகிறது. ஆகவே வேகம் ஏற ஏறப் பொறியை முன்னால் தள்ளிக்கொண்டே போக வேண்டும். மெக்கானிக்குகள் இதைத்தான் அட்வான்ஸ் என்கிறார்கள். ஸ்டார்ட் செய்யும்போதோ நேர் எதிர். இன்ஜின் தள்ளாடித் தள்ளாடிச் சுற்றுகிறது, அப்போது முன்கூட்டிப் பொறி விழுந்தால் ஏறி வரும் பிஸ்டனைத் தலையில் அடித்துத் திருப்பி அனுப்பிவிடும். பழைய புல்லட் வைத்திருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். கிக்கர் திருப்பி அடித்த கதையைப் பாதத்தைத் தடவிக்கொண்டே சொல்வார்கள்.

இப்போது டைம்லரின் சிவப்புக் குழாய் ஏன் போதவில்லை என்று புரிந்திருக்கும். வேகத்துக்கு வேகம் மாறுகிற ஒரு நல்ல நேரத்தை, மாறாத ஒரு குழாய் எப்படிப் பார்த்துச் சொல்லும்?

டைம்லரின் படகு பொய்யாகச் சொன்ன மின்சாரத்தை நிஜமாகவே கொண்டுவர இன்னும் பத்து வருடம் ஆனது. இதில் ஓர் ஆங்கிலேயருக்குப் பங்கு உண்டு. ஃப்ரெடரிக் சிம்ஸ். டைம்லர் இன்ஜினை இங்கிலாந்துக்குக் கொண்டுபோக உரிமை வாங்கியவர். அவரும் முதலில் விற்றது படகுகளுக்குத்தான். லண்டனில் பட்னி பாலத்துக்குப் பக்கத்தில் ரயில்வே வளைவுக்கு அடியில் பட்டறை போட்டு, தேம்ஸ் நதிப் படகுகளுக்கு இன்ஜின் பொருத்திக்கொண்டிருந்தார்.

இந்தப் பக்கம் ஸ்டுட்கார்ட்டில் ராபர்ட் போஷ் என்று ஒருவர். 1886 நவம்பரில், அதாவது அந்தப் படகு ஓடி மூன்றே மாதம் கழித்து, ஒரு சின்னப் பட்டறை ஆரம்பித்தவர். அடுத்த வருடமே ஒரு வாடிக்கையாளர் கேட்டார் என்று மேக்னெட்டோ ஒன்று செய்து கொடுத்தார். காந்தத்துக்கு நடுவே கம்பிச் சுருள் அசையும், மின்சாரம் பிறக்கும். சிலிண்டருக்குள் இரண்டு முனைகள் தொட்டுக்கொண்டிருக்கும், சரியான கணத்தில் அவை வெடுக்கென்று விலகும், விலகும் இடத்தில் பொறி. பாட்டரியே தேவையில்லை. ஆனால், அது ஒரே இடத்தில் நின்று மெதுவாக ஓடும் இன்ஜின்களுக்கானது. 1897-ல் சிம்ஸ் ஒரு மூன்று சக்கர மோட்டார் வண்டியை போஷிடம் கொண்டுவந்து, இதில் உன் மேக்னெட்டோவைப் பொருத்து பார்க்கலாம் என்றார். அந்த வண்டியின் இன்ஜின் நிமிஷத்துக்கு 1,800 சுற்றுவரை போகும். போஷின் பட்டறை மேஸ்திரி அர்னால்ட் ட்சேரிங்கர் வழி கண்டுபிடித்தார். கனமான சுருளைச் சும்மா இருக்கவிட்டு, நடுவில் ஓர் இலேசான உறையை மட்டும் அசைத்தால் போதும் என்றார். பொருத்தினார்கள். ஓடியது.

1902-ல் காட்லோப் ஹோனால்ட் என்ற போஷ் பொறியாளர் இன்னும் ஒரு படி போனார். உள்ளே அசையும் முனைகளையே தூக்கிவிட்டு, பல ஆயிரம் வோல்ட் பொறியை ஸ்பார்க் பிளக் வழியே தாவ வைத்தார். இன்றைக்கும் போஷ் கம்பெனியின் சின்னத்தில் வட்டத்துக்குள் ஒரு விநோத வடிவம் இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? அந்த மேக்னெட்டோவின் சுருள் சுற்றும் இரும்புத் துண்டுதான் அது. 1918-ல் ஹோனால்டே வரைந்தது. நம் ஊர் மெக்கானிக் ஷாப்புகளில் வருஷக்கணக்காகக் கேட்ட ‘மைக்கோ பிளக்’கும் அதே வீட்டுப் பிள்ளைதான். 1951-ல் தொடங்கி பெங்களூரில் வேரூன்றி, 2008-ல் போஷ் என்று பெயர் மாற்றிக்கொண்ட கம்பெனி.

ஆக, பிரச்னை தீர்ந்தது என்று நினைப்பீர்கள். சாலையில் தீர்ந்தது. கடலில் தீரவில்லை.

பல ஆயிரம் வோல்ட்டுக்கு ஒரு கெட்ட குணம். எங்கே ஈரம் கிடைத்தாலும் அதன் வழியே நழுவிவிடும். அதுவும் உப்புத் தண்ணீர் என்றால் கேட்கவே வேண்டாம். பிளக்கின் பீங்கான்மேல் ஓர் அலைத் திவலை பட்டால் போதும், பொறி சிலிண்டருக்குள் விழாமல் வெளியிலேயே காணாமல் போகும். மூடுபனியும் அலையும் தினசரி வாழ்க்கையாக இருக்கிற ஒரு மீனவனுக்கு இது ஆகுமா?

நியூஃபவுண்ட்லாந்துக்குப் போவோம். கனடாவின் கிழக்குக் கோடியில், அட்லாண்டிக்கில் நிற்கிற பெரிய தீவு. 1912-ல் டைட்டானிக் மூழ்கியது இதற்குத் தென்கிழக்கேதான். கப்பலின் அபயக் குரலை முதலில் கேட்டவர்களில் இந்தத் தீவின் தந்தி நிலையமும் உண்டு. ஜனங்களுக்குத் தொழில் ஒன்றே ஒன்று. காட் மீன். பாறைக் கரையில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னச் சின்னக் கிராமங்கள். விடிவதற்கு முன் துடுப்புப் போட்டுப் போய், வலை இழுத்து, மீனும் சுமந்துகொண்டு திரும்பவும் துடுப்புப் போட்டு வர வேண்டும். முதுகு ஒடிகிற வேலை. எதிர்க்காற்று என்றால் அதுவும் முடியாது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே இன்ஜின் வந்தது. இங்கிலாந்தின் பாத் நகரத்து ஜோசஃப் டே 1891-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த எளிமையான இரண்டு ஸ்ட்ரோக் வகை. வால்வு கிடையாது, ஒரே சிலிண்டர், ஒரு கனமான இரும்புச் சக்கரம். (டே பாவம், காசையெல்லாம் தொலைத்து, ஊர் மறந்துபோன மனிதராக 1946-ல் செத்துப்போனார்.) அமெரிக்காவில் செய்தார்கள். பக்கத்திலேயே நோவா ஸ்கோஷியாவிலும் செய்தார்கள். பிரிட்ஜ்வாட்டரில் 1908-ல் ஆரம்பித்த அகேடியா கம்பெனி, லூனன்பர்க் வார்ப்படச் சாலையின் ‘அட்லாண்டிக்’ இன்ஜின். மூன்று, ஐந்து, எட்டுக் குதிரைத் திறன்.

இவற்றில் ஹோனால்டின் நாகரிகமான ஸ்பார்க் பிளக் இல்லை. போஷ் ஆரம்பத்தில் செய்தாரே, உள்ளே இரண்டு முனைகள் தொட்டு விலகுவது, அந்தப் பழைய ஏற்பாடு. மேக்னெட்டோவுக்குப் பதில் சாதாரண உலர் பாட்டரிகள், ஒரு காயில். குறைந்த வோல்ட் என்பதால் ஈரம் பட்டாலும் எளிதில் கசிந்து ஓடாது. பொறி பிறப்பதே சிலிண்டருக்குள் என்பதால் அலைத் திவலை அதைத் தொட முடியாது. சாலை தூக்கி எறிந்த பழசு, கடலுக்கு ராஜாவாகிவிட்டது. தொட்டு விடுவதாலேயே அந்த இன்ஜினுக்கு ‘மேக் அண்ட் பிரேக்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

சும்மா வரவில்லை அது. நியூஃபவுண்ட்லாந்து மீனவன் கையில் காசு புரண்டதே கிடையாது. வியாபாரியிடம் மாவும் உப்பும் வலையும் கடனுக்கு வாங்கி, சீசன் முடிவில் மீனாகக் கட்டி, மறுபடி கடனுக்கு வாங்கி, தலைமுறை தலைமுறையாக ஓடிய கணக்கு அது. அதில் இப்போது ஓர் இன்ஜினும் பெட்ரோலும் ஏறிக்கொண்டன. இன்ஜின் ஓடினால்தான் கடன் அடையும். கரையை நோக்கிக் காற்று அடிக்கிற நாளில் நடுவழியில் நின்றால், கடனோடு ஆளும் போய்ச் சேர வேண்டியதுதான். துடுப்பை யாரும் வீட்டில் வைத்துவிட்டு வரவில்லை.

எனவே டைமிங் என்பது ஆளுக்கு ஆள் கற்றுக்கொண்டே தீர வேண்டிய வித்தையாயிற்று. முனைகளை விலக்கும் கம்பியின் நேரத்தை மாற்ற ஒரு சின்ன லீவர் உண்டு. கிளம்பும்போது அதைத் தாமதப் பக்கம் தள்ள வேண்டும். மேலே இருக்கும் சின்னக் கிண்ணம் வழியாகத் துளி பெட்ரோல் விட வேண்டும். பிறகு இரும்புச் சக்கரத்தைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டி, ஒரே இழுப்பு. பற்றிக்கொண்டால், லீவரை மெல்ல மெல்ல முன்னால் நகர்த்த வேண்டும். எங்கே நிறுத்துவது? டிகிரி கணக்கு ஒன்றும் கிடையாது. காதுதான். சத்தம் கனத்து, சீராகி, படகு தண்ணீரைத் தள்ளுவது பாதத்தில் தெரியும்போது நிறுத்த வேண்டும். இன்னும் தள்ளினால் உள்ளே சுத்தியலால் அடிக்கிற மாதிரி சத்தம் கேட்கும். லீவரைத் தாமதத்தில் வைக்க மறந்து சக்கரத்தை இழுத்தாலோ, திருப்பி அடிக்கும். புல்லட் பாதத்தை அடித்தது என்றால், இது கையை அடிக்கும். எலும்பு முறியும்.

ஒவ்வொரு இன்ஜினும் ஒவ்வொரு மாதிரி ஒலித்ததால், மூடுபனிக்குள்ளிருந்து வருவது யார் என்று கரையில் இருப்பவர்கள் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார்கள். புருஷன் வருகிறானா, பக்கத்து வீட்டுக்காரரா என்று கெட்டிலை அடுப்பில் ஏற்றும் முன்பே தெரிந்துவிடும்.

ஆனால், இந்த இன்ஜினின் நிஜமான வித்தை வேறு. பெரும்பாலான படகுகளில் கிளட்ச் கிடையாது, கியர் கிடையாது. இன்ஜின் சுற்றினால் புரொபெல்லரும் சுற்றும், அவ்வளவுதான். பிரேக் என்ற பேச்சே தண்ணீரில் இல்லை. மீன் நிறைந்த படகு துறையை நோக்கி வருகிறது. எதிரே மரத்தூண்கள், அக்கம்பக்கத்தில் அடுத்தவன் படகுகள். எப்படி நிறுத்துவது?

வால்வில்லாத இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு முன்பக்கம், பின்பக்கம் என்ற பேதமே கிடையாது. எந்தத் திசையில் சுற்றினாலும் காற்று உள்ளே போகும், புகை வெளியே வரும். திசையைத் தீர்மானிப்பது பொறி விழுகிற நேரம் மட்டும்தான். மீனவன் இதைப் பிடித்துக்கொண்டான். துறை நெருங்கியதும் ஸ்விட்சை அணைத்துவிடுவான். சக்கரம் தளரத் தொடங்கும். ஒரு சுற்று, இன்னொரு சுற்று, அதைவிட மெதுவாக இன்னொன்று. கடைசியாக ஒரு தடவை பிஸ்டன் தன் பலத்தையெல்லாம் கூட்டி மேலே ஏறும். ஏறி முடிப்பதற்கு ஒரு கண்ணிமைப்பு முன்னால் ஸ்விட்சைப் போடுவான். பொறி. ஏறிக்கொண்டிருந்த பிஸ்டன் முகத்தில் அறை வாங்கி வந்த வழியே இறங்கும். சக்கரம் எதிர்த்திசையில் சுற்றத் தொடங்கும். புரொபெல்லரும் எதிர்த்திசையில். லீவரை இப்போது மறுபக்கம் தள்ளினால் இன்ஜின் பின்னோக்கி ஒழுங்காகவே ஓடும். படகு குலுங்கி, நின்று, தூணை முத்தமிடும் தூரத்தில் பின்வாங்கும்.

கையை அடித்து எலும்பை முறிக்கிற அதே தவறான நேரம் இங்கே பிரேக்காகவும் ரிவர்ஸ் கியராகவும் வேலை பார்த்திருக்கிறது! கொஞ்சம் முந்தி ஸ்விட்சைப் போட்டால் சக்கரத்துக்கு இன்னும் வேகம் மிச்சமிருக்கும், உச்சியைத் தாண்டி முன்னாலேயே பாயும். துறைமேல் மோதல். கொஞ்சம் பிந்தினால் சக்கரம் நின்றே போயிருக்கும், படகு தன்பாட்டில் மிதந்து போகும். அதுவும் மோதல்தான். பள்ளிக்கூடம் போகாத பையன்கள் இந்தக் கணத்தைக் காதாலும் உள்ளங்கையாலும் கற்றுக்கொண்டார்கள். என்னைக் கேட்டால், போஷின் பட்டறையில் நடந்ததற்குக் கொஞ்சமும் இளைத்த காரியமில்லை இது.

இதே காலத்தில் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஓர் ஐஸ்கிரீம் உருகிக்கொண்டிருந்தது. ஓலே எவின்ரூட் என்ற நார்வேக்காரர், காதலி பெஸ் கேட்டாள் என்று ஏரிக்கு அந்தப் பக்கம் போய் ஐஸ்கிரீம் வாங்கி, துடுப்புப் போட்டு வருவதற்குள் அது பாயசமாகிவிட்டதாம். விளைவு, 1909-ல் படகின் பின்னால் மாட்டிக் கழற்றுகிற அவுட்போர்டு மோட்டார். அவர்தான் முதல் ஆள் என்றில்லை, கேமரன் வாட்டர்மேன் நாலு வருடம் முன்பே செய்திருந்தார். ஆனால் ஊரெல்லாம் விற்றது எவின்ரூடின் மோட்டார்தான். எடை 62 பவுண்டு, விலை 62 டாலர், சக்தி ஒன்றரைக் குதிரை. பெஸ்ஸே விளம்பரம் எழுதினார், துடுப்பைத் தூக்கி எறியுங்கள் என்று.

இதிலும் சக்கரத்தைக் கையால்தான் சுழற்ற வேண்டும். விளிம்பில் ஒரு பிடி இருக்கும். இன்ஜின் ஓட ஆரம்பித்ததும் அந்தப் பிடியும் சேர்ந்து சுழலும், விரல் முட்டியைப் பதம் பார்க்கும். இந்த வகை மோட்டார்களுக்கு ‘முட்டி உடைப்பான்’ என்றே செல்லப் பெயர். வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் டைமிங் லீவர்தான். பொறியை முன்னால் தள்ளினால் வேகம், பின்னால் இழுத்தால் நிதானம். பிற்பாடு சக்கரத்துக்குள்ளேயே காந்தத்தைப் பதித்து, அதன் அடியில் ஒரு தட்டில் காயிலையும் பாயின்டையும் வைத்துவிட்டார்கள். பாட்டரி ஒழிந்தது. நாளடைவில் அந்தத் தட்டையும் கார்புரேட்டரையும் ஒரே கம்பியில் கோத்துவிட்டதால், ஆக்ஸிலரேட்டரைத் திருகினாலே பொறியும் தானாக முன்னே நகர்ந்தது. மீனவனின் காது பார்த்த வேலையை ஒரு தகரத் துண்டு பார்க்க ஆரம்பித்தது.

முழுக்கத் தானாக என்று சொல்லிவிட முடியாது. பாயின்ட் தேயும். அரை மில்லி மீட்டர் இடைவெளி வைக்க வேண்டிய இடத்தில் கால் மில்லி இருந்தால் பொறி விழும் நேரமே மாறிவிடும். கருவி இல்லாத கரைகளில் மெக்கானிக்குகள் ஒரு தந்திரம் வைத்திருந்தார்கள். பாயின்டுக்கு நடுவே சிகரெட் சுற்றும் மெல்லிய காகிதத்தைச் செருகி, சக்கரத்தை மெல்லத் திருப்புவார்கள். எந்த இடத்தில் காகிதம் வழுக்கிக்கொண்டு வெளியே வருகிறதோ, அதுதான் பாயின்ட் திறக்கும் கணம், பொறியின் கணம். சக்கரத்தில் உள்ள கோடு அப்போது எதிர்க் கோட்டோடு சேர்கிறதா என்று பார்ப்பார்கள். இன்னொரு திருடன் உண்டு. சக்கரத்தை அச்சோடு பிணைக்கிற அரை நிலா வடிவக் கீ. விரல் நகம் அளவுதான். படகு பாறையில் இடித்து இன்ஜின் சட்டென்று நின்றால், அந்தக் கீ லேசாக நசுங்கும். பாயின்ட் சுத்தம், பிளக் புதுசு, பெட்ரோல் இருக்கிறது, எல்லாம் சரி, ஆனால் இன்ஜின் கார்புரேட்டர் வழியாகத் துப்பும். அனுபவசாலி வேறு எதையும் தொடமாட்டார். நேராகச் சக்கரத்தைக் கழற்றுவார்.

நம் கடலுக்கும் இதில் சம்பந்தம் உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் வள்ளங்களின் பின்னால் மண்ணெண்ணெய் அவுட்போர்டுகளைப் பார்க்கலாம். பெட்ரோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது வழக்கம். மண்ணெண்ணெய்க்குப் பொறுமை குறைவு. அழுத்தத்தில் தானாகவே வெடித்து நாக்கிங் அடிக்கும். பெட்ரோலுக்கு வைக்கிற அட்வான்ஸை அதற்கு வைத்தால் தாங்காது. காரில் நாக்கிங் சத்தம் கேட்டால் காலை எடுத்துவிடுவோம். படகில் அலையும் காற்றும் இன்ஜினும் போடுகிற இரைச்சலில் அது கேட்கவே கேட்காது. போதாததற்கு, படகு இன்ஜினுக்கு இறக்கம் என்று ஒன்று கிடையாது. கடல் முழுக்க மேடு ஏறுகிற கார் மாதிரிதான் உழைக்க வேண்டும். கேட்காத சத்தம் பிஸ்டன் தலையில் ஓட்டை போட்ட பிறகுதான் தெரியவரும். அது கரைக்கு எட்டாத தூரத்தில் தெரியவரும்போது என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

1960-களில் பாயின்டுக்கே வேட்டு வைத்தார்கள். சேமித்த மின்சாரத்தை எலெக்ட்ரானிக் ஸ்விட்ச் வழியே ஒரே மூச்சில் கொட்டுகிற சி.டி.ஐ. என்கிற ஏற்பாடு பந்தயப் படகுகளிலும் பெரிய அவுட்போர்டுகளிலும் நுழைந்தது. தேய ஒன்றுமில்லை, காகிதம் செருக இடமுமில்லை. பின்னால் கம்ப்யூட்டர் வந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் வேகம், சூடு, காற்று எல்லாம் பார்த்து அதுவே நேரம் குறிக்கிறது.

நியூஃபவுண்ட்லாந்தின் மேக் அண்ட் பிரேக், டீசலுக்கும் அவுட்போர்டுக்கும் வழிவிட்டு ஒதுங்கியது. 1992 ஜூலை 2-ம் தேதி கனடா அரசு அங்கே காட் மீன் பிடிப்பதற்கே தடை போட்டது. கடலில் மீன் இல்லை. 2024-ல் தடையை நீக்கும்வரை முப்பத்திரண்டு வருடம் அது நீடித்தது. எவின்ரூட் என்ற பெயரில் வந்துகொண்டிருந்த மோட்டாரை 2020-ல் நிறுத்திவிட்டார்கள்.

டாய்ட்ஸ் ஞாபகமிருக்கிறதா? டைம்லர் கோபித்துக்கொண்டு வெளியேறிய ஆட்டோவின் கம்பெனி. இன்றும் இருக்கிறது. 2017-ல் அது டார்கீடோ என்ற ஜெர்மன் கம்பெனியை விலைக்கு வாங்கியது. டார்கீடோ செய்வது படகு மோட்டார். சிலிண்டர் இல்லை, பொறி இல்லை, பெட்ரோலும் இல்லை. முழுக்க மின்சாரம். இந்தத் தடவை கம்பிகள் நிஜம். 2024-ல் டாய்ட்ஸ் அதை யமஹாவுக்கு விற்றுவிட்டது.